ஒரே வாசல் உள்ள வீடு: நேபாளம் பற்றி வாசகர்கள் கேட்டவை

2025 செப்டம்பரில் காத்மாண்டு பற்றி எரிந்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, நேபாளத்தைப் பற்றி நமக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த நாட்டுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் இரவில் விசில் ஊதிக்கொண்டு சுற்றிவரும் கூர்க்கா, மாதம் பிறந்ததும் வீடு வீடாக வந்து பணம் வாங்கிச் செல்கிறார். கூர்க்கா என்பது ஒரு சாதியா, இனமா? இவ்வளவு தூரம் வந்து வேலை செய்ய இவர்களுக்குக் கடவுச்சீட்டு, அனுமதி எதுவும் வேண்டாமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: கூர்க்கா என்பது சாதியும் இல்லை, இனமும் இல்லை. காத்மாண்டுக்கு மேற்கே மலைமேல் இருக்கும் கோர்க்கா என்ற ஊரின் பெயர் அது. அந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பிருத்வி நாராயண் ஷா என்ற சிற்றரசர், 18ஆம் நூற்றாண்டில் சுற்றியிருந்த சிறு அரசுகளை ஒவ்வொன்றாக வென்று இன்றைய நேபாளத்தை உருவாக்கினார். அவருடைய வழிவந்தவர்களின் படையோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1814 முதல் 1816 வரை போரிட்டு வென்றது. ஆனால் தோற்ற படையின் வீரத்தைப் பார்த்து வியந்த கம்பெனி அதிகாரிகள், போர் முடிவதற்கு முன்பே, 1815இலேயே அந்த மலைவாசிகளைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மகர், குருங், ராய், லிம்பு முதலிய இனத்தவர்கள் அதிகமாகச் சேர்ந்தார்கள். படையில் எல்லோருக்கும் பொதுப்பெயர் கூர்க்கா என்றானது. இந்தியா விடுதலை பெற்றபோது இருந்த பத்து கூர்க்கா ரெஜிமெண்ட்களில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் என்று 1947இல் பிரித்துக்கொள்ளப்பட்டன. இதற்காக மூன்று நாடுகளும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் செல்லுபடியாகும்.

தங்கள் தெருவுக்கு வருபவர் பெரும்பாலும் படைவீரர் பரம்பரையைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். இந்தியாவுக்குக் காவல் வேலைக்கும் உணவக வேலைக்கும் வருகிறவர்களில் பலர் அச்சாம், பஜாங், பாஜுரா போன்ற தூரமேற்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவை நேபாளத்திலேயே வறுமை மிகுந்த பகுதிகளில் சேர்ந்தவை. வளைகுடாவுக்குப் போக முகவருக்குக் கட்டக் கடன் வாங்க வேண்டும். இந்தியாவுக்கு வரப் பேருந்துக் கட்டணம் போதும். 1950 ஜூலை 31இல் இரு நாடுகளும் செய்துகொண்ட அமைதி நட்புறவு ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் குடியிருக்கலாம், தொழில் செய்யலாம், சொத்தும் வாங்கலாம். எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு தேவையில்லை. இப்படித் தடையின்றி வந்துபோவதாலேயே, இந்தியாவில் எத்தனை நேபாளிகள் இருக்கிறார்கள் என்ற கணக்கு இரு அரசுகளிடமும் சரியாக இல்லை.

கேள்வி: கடல் இல்லாத நாடுகளுக்கும் கடலை அடையும் உரிமை உண்டு என்று சர்வதேசச் சட்டம் சொல்கிறதாமே. பிறகு ஏன் நேபாளம் இவ்வளவு திண்டாடுகிறது?
(கப்பல் சரக்கு முகவர், தூத்துக்குடி)

பதில்: உரிமை இருக்கிறது என்பது உண்மையே. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. நேபாளம் அந்த உடன்படிக்கையை 1998இல் ஏற்று உறுதி செய்தது. ஆனால் அதே பிரிவு, அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை வழிவிடும் நாட்டோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்ற நிலைதான்.

நேபாளத்தின் கிழக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் இந்தியா. அந்த எல்லை 1,750 கிலோமீட்டருக்கும் கூடுதல். வடக்கே திபெத், அதாவது சீனா; நடுவில் இமயமலை. அண்மையிலுள்ள துறைமுகமான கொல்கத்தா, எல்லை நகரமான பீர்கஞ்சிலிருந்து ரயில்வழி சுமார் 700 கிலோமீட்டர். தாங்கள் இத்தொழிலில் இருப்பதால் அடுத்து வரும் தொல்லை உடனே விளங்கும். கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம், ஆழம் குறைவு, பெரிய தாய்க்கப்பல்கள் அங்கே வரமுடியாது. ஆகவே நேபாளத்துக்கான சரக்குப் பெட்டகம் (கன்டெய்னர்) சிங்கப்பூரிலோ கொழும்பிலோ சிறு கப்பலுக்கு மாறி, கொல்கத்தாவிலோ ஹால்தியாவிலோ இறங்கி, இந்தியச் சுங்கத்தில் இடைவழிச் சரக்கு (இந்தியாவைக் கடந்து மட்டும் போவது) என்று பதிவாகி, முத்திரையிடப்பட்டு, பீகார் எல்லை நகரமான ரக்சால் வழியாக பீர்கஞ்சின் சிர்சியா உலர் துறைமுகத்துக்கு (உள்நாட்டுச் சரக்கு நிலையம்) ரயிலில் போய்ச் சேர வேண்டும். காலிப் பெட்டகம் குறித்த நாளுக்குள் கப்பல் கம்பெனிக்குத் திரும்பாவிட்டால் அதற்குத் தனியாகத் தாமதக் கட்டணம். பின்னர் விசாகப்பட்டினமும் திறந்துவிடப்பட்டது. அங்கே பெரிய கப்பல் வரும், ஆனால் தரைவழித் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்தச் செலவையெல்லாம் ஒரு நாடு எப்படியோ தாங்கிக்கொள்ளும். வாசலே அடைபடும்போதுதான் திண்டாட்டம் வருகிறது. 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வணிக ஒப்பந்தமும் இடைவழி ஒப்பந்தமும் காலாவதியாகின. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நேபாளமும், சேர்த்தே செய்ய வேண்டும் என்று இந்தியாவும் நின்றன. முந்திய ஆண்டில் நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியிருந்ததால் டெல்லி கோபத்தில் இருந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. இரண்டு வாசல்களைத் தவிர மற்ற அனைத்தும் ஏறத்தாழ 15 மாதங்கள் அடைபட்டன. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மக்களின் கோபம் மன்னராட்சியின் மீது திரும்பி, 1990இல் பல கட்சி ஆட்சி வர அதுவும் ஒரு காரணமாயிற்று.

2015 இன்னும் கொடியது. ஏப்ரல் 25இல் 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்த ஆண்டு அது. செப்டம்பர் 20இல் புதிய அரசமைப்புச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அது தங்களுக்கு இழைத்த அநீதி என்று தெற்குச் சமவெளியின் மாதேசி மக்கள் போராடி, எல்லைப் பாலத்தில் அமர்ந்தார்கள். லாரிகள் வராததற்குப் போராட்டமும் ஓட்டுநர்களின் பாதுகாப்பும்தான் காரணம் என்றது இந்திய அரசு. போராட்டம் நடக்காத சோதனைச் சாவடிகளிலும் சரக்கு நின்றதே என்று கேட்டார்கள் நேபாளிகள். என் பார்வையில் அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்பத்தக்க பதில் வரவில்லை. சமையல் எரிவாயு கிடைக்காத காத்மாண்டுவில் அரசின் மரக் கழகம் விறகு விற்றது. ஐந்து மாதம் கழித்து வாசல் திறந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் மனத்தில் இந்தியாவைப் பற்றிய எண்ணம் மாறிவிட்டது.

வடக்கு வாசலைத் திறந்துகொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். 2016இல் சீனாவுடன் இடைவழி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2019இல் வந்த நெறிமுறை தியான்ஜின், ஷென்சென் உள்ளிட்ட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தலாம் என்கிறது. தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வழியில் திபெத்திய மேட்டு நிலம், எல்லையில் நிலச்சரிவு. 2015 நிலநடுக்கத்தில் சிதைந்த தாதோபானி வழி மீண்டும் திறக்க 2019 ஆயிற்று. ரசுவாகடி எல்லையிலிருந்த நட்புறவுப் பாலத்தை 2025 ஜூலையில் வந்த வெள்ளம் அடித்துச் சென்றது. வாசல் இரண்டு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். அரிசியும் பெட்ரோலும் வருவது தெற்கு வாசல் வழியாகத்தான்.

கேள்வி: நேபாளம் ஏற்றுமதி செய்வதைப் போலப் பல மடங்கு இறக்குமதி செய்கிறது என்று பாடத்தில் படித்தேன். இலங்கைக்கு 2022இல் வந்த நெருக்கடி அங்கே ஏன் வரவில்லை?
(பொருளியல் முதுகலை மாணவி, திருச்சி)

பதில்: நல்ல கேள்வி. அண்மை ஆண்டுகளில், இறக்குமதி ஏற்றுமதியைப் போல ஆறு முதல் பத்து மடங்கு வரை இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம். அது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. உலகிலேயே மிகச் சில நாடுகளில்தான் இந்த விகிதம் இவ்வளவு உயரம்.

வெளிநாடு சென்று சம்பாதிப்பவரை நேபாளியில் ‘லாஹுரே’ என்பார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களைக் குறித்த சொல் அது. இன்று லாஹுரே போவது கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், மலேசியா. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள் 2.92 கோடி, வெளிநாட்டில் இருப்பதாகக் குடும்பத்தார் சொன்னவர்கள் சுமார் 22 லட்சம், அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். மலைக் கிராமங்களில் ஏர் பிடிக்க ஆளில்லாமல் வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இன்று அரிசியை இறக்குமதி செய்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் சவப்பெட்டிகளை காத்மாண்டு விமான நிலையத்தில் உறவினர்கள் பெற்றுக்கொள்ளும் காட்சி அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. பணத்தைப் பற்றிப் பேசும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்பணம் எப்படிச் சுற்றுகிறது என்பது தங்கள் பாடத்துக்குப் பயன்படும். 1993 முதல் நேபாள ரூபாய், ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற மாறாத விகிதத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறது. வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவோடு நடக்கிறது. அதில் பற்றாக்குறை பெரிது. ஆகவே தோஹாவில் கட்டடம் கட்டியவர் அனுப்பிய டாலரை, மைய வங்கியான நேபாள ராஷ்ட்ர வங்கி விற்று இந்திய ரூபாய் வாங்கி, அதைக் கொண்டு ரக்சால் வழியாக வரும் சரக்குக்கு விலை கொடுக்கப்படுகிறது. அந்தச் சரக்கு எல்லையைக் கடக்கும்போது விதிக்கப்படும் சுங்கமும் பிற வரிகளும் அரசின் வரி வருவாயில் ஏறத்தாழ பாதி. அதாவது, இளைஞர் வெளியேறுவதால் பணம் வருகிறது, பணம் வருவதால் இறக்குமதி நடக்கிறது, இறக்குமதியால் அரசுக்கு வருமானம் கிடைக்கிறது. உள்நாட்டில் தொழிற்சாலை எழும்ப வேண்டிய அவசரம் இந்த வட்டத்தில் யாருக்கும் இல்லை.

இலங்கையைப் போல நேபாளம் சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் விற்று டாலர் திரட்டவில்லை. அதன் வெளிக்கடனில் பெரும்பகுதி உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் குறைந்த வட்டிக்குத் தந்தவை. 2022இல் அங்கேயும் அந்நியச் செலாவணி குறைந்தபோது, அரசு விலையுயர்ந்த வாகனம், மதுபானம், கைபேசி முதலியவற்றின் இறக்குமதியைச் சில மாதங்கள் தடை செய்து தப்பித்தது. இப்போது கையிருப்பு ஓராண்டு இறக்குமதிக்கு மேல் தாங்கும். நெருக்கடி வரவில்லை என்பதற்காக நலமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தவர்கள் 1995-96இல் நூற்றுக்கு 42 பேர். 2022-23இல் 20 பேர். இடையில் பத்தாண்டு உள்நாட்டுப் போரும் ஓயாத ஆட்சி மாற்றமும் இருந்தன. ஆகவே இந்தக் குறைவில் பெரும்பங்கு ஆட்சியாளர்களைச் சேராது, ஊரைவிட்டுப் போனவர்களையே சேரும் என்பது என் கணிப்பு.

கேள்வி: ஆறுகள் பாயும் நாட்டில் 18 மணி நேர மின்வெட்டு இருந்தது என்று கேள்விப்பட்டேன். இன்று மின்சாரம் விற்கிறார்களாமே?
(மின்வாரிய ஓய்வுபெற்ற பொறியாளர், ஈரோடு)

பதில்: இரண்டும் உண்மை. பார்பிங் என்ற இடத்தில் 500 கிலோவாட் நீர்மின் நிலையம் 1911இலேயே இயங்கத் தொடங்கிய நாடு அது. 2008-09இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 16, 18 மணி நேரம் வரை போனது. 2016இல் மின்வாரியத் தலைவராக வந்த குல்மான் கீசிங், தொழிற்சாலைகளுக்குத் தனிச்சலுகையாகத் தரப்பட்டுவந்த மின்சாரத்தை நிறுத்தி, இந்தியாவிலிருந்து இறக்குமதியையும் கூட்டி, அந்த ஆண்டு தீபாவளிக்கே காத்மாண்டுவின் இருட்டை நீக்கினார். 2021இல் 456 மெகாவாட் மேல் தாமாகோசி நிலையம் வந்தது. மொத்த நிறுவுதிறன் இப்போது 3,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

தங்களுக்கு மேட்டூர் தெரியும். தேக்கி வைத்து வேண்டும்போது திறப்பது. நேபாளத்தில் தேக்கம் என்று சொல்லத்தக்கது குலேகானி ஒன்றே. மற்றவை பெரும்பாலும் ஓடும் ஆற்றிலேயே சுழலியை வைத்தவை. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. பனிக்காலத்தில் ஆறு மெலிந்து இந்தியாவிடம் வாங்க வேண்டியிருக்கிறது. மிஞ்சுவதை 2021 நவம்பர் முதல் இந்திய மின்சந்தையில் விற்கிறார்கள். பத்தாண்டில் 10,000 மெகாவாட் வரை இந்தியா வாங்கும் என்ற ஒப்பந்தம் 2024 ஜனவரியில் கையெழுத்தானது. ஆனால் சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ சம்பந்தப்பட்ட நிலையத்தின் மின்சாரத்தை இந்தியா வாங்காது. கம்பிவழி போகும் பொருளுக்கும் அதே வாசல், அதே வாயிற்காவல். வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்பதும் இந்தியக் கம்பிகள் வழியாகவே. அதற்கு மூன்று நாடுகளும் 2024 அக்டோபரில் கையெழுத்திட வேண்டியிருந்தது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொந்த மின்சாரம் கிடைத்ததும் நேபாளிகள் மின்சாரக் கார்களுக்கு மாறிவிட்டார்கள். 2023-24இல் இறக்குமதியான பயணிக் கார்களில் பத்தில் ஏழுக்கு மேல் அவைதான். 2015இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்கள் இதை வெறும் சிக்கனமாகப் பார்க்கவில்லை.

கேள்வி: நேபாளம் இன்று சீனாவின் பக்கமா, நம் பக்கமா?
(மோட்டார் உதிரிபாக வணிகர், கோயம்புத்தூர்)

பதில்: பக்கம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த நாட்டுக்கு இருந்ததே இல்லை. நேபாளம் இரண்டு பாறைகளுக்கு நடுவே முளைத்த கிழங்கு என்று பிருத்வி நாராயண் ஷா சொல்லிவைத்ததை அங்கே எல்லோரும் எடுத்துக்காட்டித் தேய்த்துவிட்டார்கள். இருந்தாலும் அவருக்குப் பின் வந்த ஒவ்வோர் ஆட்சியும், அது மன்னராட்சியோ மாவோயிஸ்டுகளோ நேபாளி காங்கிரசோ, செய்தது அந்தக் கிழங்கைக் காப்பாற்றும் வேலைதான்.

இந்தியாவோடு உள்ள உறவை அரசியல் உறவு என்று மட்டும் சொல்ல முடியாது. பீகார், உத்தரப்பிரதேச எல்லையோரத்தில் இருபக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். அதை ‘ரொட்டி-பேட்டி’ (உணவும் மகளும்) உறவு என்பார்கள். நேபாளத்தில் நூற்றுக்குப் பதினொரு பேரின் தாய்மொழியான மைதிலி எல்லைக்கு இப்பாலும் பேசப்படுகிறது. இந்தியத் தரைப்படைத் தளபதி நேபாளப் படையின் கௌரவ ஜெனரல்; நேபாளத் தளபதிக்கு இந்தியாவும் அதே மரியாதை செய்கிறது. பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் நீளத்தில் பெட்ரோலியக் குழாய் 2019 முதல் இயங்குகிறது.

அதே வீட்டில் சண்டையும் உண்டு. 1816இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கை, காளி நதியை மேற்கு எல்லையாக வகுத்தது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்பதில்தான் வழக்கு. லிம்பியாதுராவில் பிறக்கிறது என்றால் காலாபானியும் லிபுலேக் கணவாயும் நேபாளத்தின் பகுதிகள். கிழக்கே உள்ள ஓடை என்றால் இந்தியாவின் பகுதிகள். அவை இந்தியாவின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2020 மே மாதம் லிபுலேக் சாலையை இந்தியா திறந்ததும், நேபாளம் அவற்றையெல்லாம் சேர்த்துப் புதிய வரைபடம் வெளியிட்டு, அரசமைப்புச் சட்டத்தையே திருத்திக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அந்தக் கணவாய் வழியாக வணிகத்தை மீண்டும் தொடங்க இந்தியாவும் சீனாவும் பேசி முடித்தபோது, காத்மாண்டு இரண்டு நாடுகளிடமும் ஆட்சேபம் தெரிவித்தது. நேபாளத்தைக் கேட்காமல் அதன் இரண்டு அண்டை நாடுகளும் அந்த நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதுதான் அவர்களை மிகவும் வருத்தியது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது பழமொழி. இரு பக்கமும் சேர்ந்து கொட்டினால் அதற்குப் பழமொழி இல்லை.

பல நாடுகளில் சாலை, ரயில், துறைமுகம் கட்டும் சீனாவின் பெல்ட் அண்ட் ரோடு திட்டத்தில் நேபாளம் 2017இல் சேர்ந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயரில் பெரிதாக எதுவும் எழும்பவில்லை. சீன எக்ஸிம் வங்கிக் கடனில் கட்டி 2023 புத்தாண்டன்று திறந்த போக்ரா சர்வதேச விமான நிலையத்துக்கு, பெயரில் உள்ள சர்வதேசம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. திபெத்தின் கேருங்கிலிருந்து காத்மாண்டுவுக்குத் திட்டமிட்ட ரயில் பாதையில் பெரும்பகுதி சுரங்கமாக இருக்க வேண்டும். அது ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. அமெரிக்காவும் சும்மா இல்லை. அதன் 50 கோடி டாலர் மானியத்தை ஏற்பதா கூடாதா என்று தெருவில் போராட்டமும் நாடாளுமன்றத்தில் அமளியும் நடந்து, 2022 பிப்ரவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களுக்குச் செலவாகிறது. அவற்றில் முக்கியமானது புட்வல் வழியாக கோரக்பூருக்கு, அதாவது மறுபடியும் இந்தியாவுக்கு, வருகிறது.

கூர்க்கா படை விஷயம் இதில் தனிக் கவலை. 2022இல் இந்தியா கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டு முடிந்து பெரும்பாலானோர் திரும்ப வேண்டும்; இது 1947 உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்று நேபாளம் ஆளெடுப்பை நிறுத்தி வைத்தது. கொரோனாவுக்குப் பிறகு நேபாளத்திலிருந்து ஒருவரும் புதிதாக இந்தியப் படையில் சேரவில்லை. இதற்கிடையே ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரைனில் மாண்ட நேபாள இளைஞர்களின் செய்திகள் வந்தன. வரைபடத் தகராறைவிட இந்த இடைவெளியே நீண்ட நாளில் இந்தியாவைப் பாதிக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: சமூக ஊடகத்தை முடக்கியதற்காகவா ஒரு நாட்டின் ஆட்சியே கவிழும்?
(வங்கி ஊழியர், சென்னை)

பதில்: 26 தளங்களை அரசு முடக்கியது 2025 செப்டம்பர் 4ஆம் நாள். ஆனால் அதற்கு முன்பே, அரசியல்வாதிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் ஆடம்பர வாழ்க்கையைப் படம் போட்டுக் காட்டி இளைஞர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் மன்னராட்சி ஒழிந்த பிறகு ஐந்தாண்டு முழுமையாக ஆண்ட பிரதமர் ஒருவர்கூட இல்லை. மூன்று கட்சிகளின் முதிய தலைவர்களே மாறி மாறி நாற்காலியில் அமர்ந்தார்கள். தவிர, தகப்பன் தோஹாவிலும் பிள்ளை காத்மாண்டுவிலும் இருக்கும் குடும்பத்துக்கு முகநூலும் வாட்ஸ்அப்பும் பொழுதுபோக்கு இல்லை, குடும்பம் நடக்கும் வழி அது. அதை அடைத்தார்கள். 8ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றமும் அரசுத் தலைமையகமான சிங்க தர்பாரும் எரிந்தன. பிரதமர் சர்மா ஓலி விலகினார். மொத்தம் 70 பேருக்கு மேல் மாண்டார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி 12ஆம் நாள் இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2026 மார்ச் 5 தேர்தல் நாளாகக் குறிக்கப்பட்டது.

கேள்வி: நேபாளம் இப்போதும் இந்து நாடுதானா?
(வாசகி, மதுரை)

பதில்: இல்லை. மன்னராட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்திலேயே மதச்சார்பற்ற நாடாயிற்று. 2015 அரசமைப்புச் சட்டம் அதை உறுதி செய்தது. மக்களில் நூற்றுக்கு 81 பேர் இந்துக்கள். பசு தேசிய விலங்கு.

கேள்வி: நேபாளம் 2026இல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறுகிறதாம். ஏற்றுமதிச் சலுகை போய்விடுமே, அங்கே நெசவுத்தொழில் தாங்குமா?
(வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர், கரூர்)

பதில்: 2026 நவம்பர் 24 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வருமானம், மனிதவளம், பாதிப்புத்தன்மை என்ற மூன்று அளவுகோல்களில் பின்னிரண்டில் தேறியதால் 2021இல் நேபாளத்தின் வெளியேற்றம் பரிந்துரைக்கப்பட்டது. வருமானத்தில் அப்போது தேறவில்லை. ஐரோப்பாவில் கிடைக்கும் தீர்வையில்லாச் சலுகை உடனே நிற்காது, மூன்றாண்டு அவகாசம் உண்டு.

தொழில் தாங்குமா என்ற கேள்விக்குப் பழைய அனுபவமே பதில். நேபாளக் கம்பளத் தொழில் 1959க்குப் பின் வந்த திபெத்திய அகதிகள் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கியது. ஜெர்மனியில் நன்றாக விற்று, 1990களில் குழந்தைத் தொழிலாளர் விவகாரத்தில் அடிபட்டு மெலிந்தது. ஆயத்த ஆடைத் தொழில் அமெரிக்கா தந்த இறக்குமதிக் கோட்டாவை (ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கிய அளவு) நம்பி வளர்ந்தது; 2004 இறுதியில் உலகக் கோட்டா முறை முடிந்ததும் ஆலைகள் வரிசையாக மூடின. நூலும் துணியும் கொல்கத்தா வழியாக உள்ளே வந்து, ஆடை அதே வழியாக வெளியே போக வேண்டுமானால், தங்களைப் போலத் துறைமுகத்துக்கு ஓர் இரவில் லாரி அனுப்பும் ஊரோடு போட்டியிட முடியுமா?

எடை குறைந்து விலை கூடிய பொருள்கள்தான் அங்கே நிற்கின்றன. பெரிய ஏலக்காய், பஷ்மினா சால்வை, இலாம் தேயிலை ஆகியவை அந்த வகை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அண்மைக் காலத்தில் ஏற்றுமதிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது சோயா எண்ணெய். நேபாளத்தில் அவ்வளவு சோயா விளைவதில்லை. கச்சா எண்ணெயை வெளியிலிருந்து இறக்கி, சுத்திகரித்து, தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி தீர்வையின்றி இந்தியாவுக்கு விற்கிறார்கள். 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய்க்கு இறக்குமதித் தீர்வையை உயர்த்தியதும் இந்த ஏற்றுமதி பாய்ந்து ஏறியது. டெல்லி தீர்வையைக் குறைக்கும் நாளில் இறங்கிவிடும். இதைத் தொழில் வளர்ச்சியென்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசம் நேபாளத்திலுள்ள முக்திநாத்தானா? எப்படிப் போவது?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: 108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் முக்திநாத் என்பதே வழக்கில் உள்ள மரபு, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். கோயில் 3,700 மீட்டருக்கு மேல் உயரத்தில், மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது, பௌத்தர்களும் வணங்குகிறார்கள், கோயிலின் பின்புறம் 108 நீர்த்தாரைகள் உண்டு. பூஜையில் வைக்கும் சாளக்கிராமக் கற்கள் கீழே ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கின்றன. இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த தெதிஸ் என்ற கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்கள் அவை என்று நிலவியலார் சொல்கிறார்கள். ஆறு அவற்றை உருட்டிக்கொண்டு தெற்கே இறங்கி, பீகாரில் கண்டக் என்ற பெயரோடு பாட்னாவுக்கு எதிரே கங்கையில் கலக்கிறது.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம் உண்டு, அங்கிருந்து ஜீப். நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசுவதால் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். மேகம் மூடினால் அதுவும் ரத்தாகும். ஆகவே போக்ராவில் இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலை வழியாகவும் போகலாம், மழைக்காலத்தில் வேண்டாம். உயரம் ஏறப் பழகாதவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.